துப்பிவிடுகிற தோலும் விதையும்: திராட்சை நம் ரத்தக் குழாய்க்கு என்ன செய்கிறது?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் இருக்கிற எங்கள் மருந்துக் கடைக்கு மாதம் ஒரு தடவை பாம்பனிலிருந்து ஓர் அம்மா வருவார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே கடைக்குத்தான். பிரஷர் மாத்திரை 30 வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். போன மாதம் வந்தவர் மஞ்சப்பைக்குள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். டப்பா முழுக்கத் திராட்சைக் கொத்துப் படம்.

"மகன் குவைத்துலேர்ந்து குடுத்துவிட்டிருக்கான் தம்பி. திராட்சைக் கொட்டையில செஞ்ச மாத்திரையாம். ரத்தக் குழாய்க்கு ரொம்ப நல்லதாம். இதைப் போட்டுக்கிட்டு அந்த மாத்திரையை நிறுத்திறலாமா?"

நிறுத்தக் கூடாதும்மா என்று உடனே சொல்லிவிட்டேன். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் அவர் கேட்டதில் இன்னொரு பாதி இருக்கிறது. திராட்சைக்கும் ரத்தக் குழாய்க்கும் நிஜமாகவே சம்பந்தம் உண்டா? உண்டு. கேட்கக் கேட்க ஆர்வம் கூடுகிற சம்பந்தம் அது. நாலு பேர் சீட்டோடு காத்து நிற்கையில் சொல்லி முடிக்க முடியாதது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் குழாயைப் பார்ப்போம்.

ரத்தக் குழாய் என்றால் நம்மில் பலருக்கு மனதில் வருவது வீட்டு மாடியிலிருந்து இறங்குகிற பிளாஸ்டிக் பைப். உள்ளே கொழுப்பு படியும், ஒருநாள் அடைத்துக்கொள்ளும், டாக்டர் கம்பி விட்டு எடுப்பார் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் நம் உடம்பில் இருப்பது உயிருள்ள குழாய். அது விரியும், சுருங்கும், தன்னைத் தானே பழுது பார்த்துக்கொள்ளும். இதயத்திலிருந்து கிளம்புகிற தமனியின் சுவரில் மூன்று அடுக்குகள் உண்டு. வெளியே நார்போல ஓர் உறை. நடுவில் தசை. உள்ளே, ஓடுகிற ரத்தத்தைத் தொட்டபடி, ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம். மருத்துவத்தில் அதை எண்டோதீலியம் என்பார்கள். நான் உள்படலம் என்றே எழுதுகிறேன்.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் புரிய வைக்கக் கண்மாய் மடை ஒன்று போதும். ஆர்.எஸ். மங்கலம் பெரிய கண்மாய் நிறைந்து கிடந்தாலும், வயலுக்கு எவ்வளவு தண்ணீர் போகும் என்பது மடைப் பலகையை எவ்வளவு தூக்கியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பலகை தானாக ஏறி இறங்காது. கரையில் நின்று, வயலைப் பார்த்து, எப்போது தூக்க வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்று முடிவு செய்ய ஒரு நீர்பாய்ச்சி இருப்பார். தமனியில் இருக்கிற தசைதான் பலகை. உள்படலம்தான் நீர்பாய்ச்சி. எந்த உறுப்புக்கு இப்போது ரத்தம் கூடுதலாக வேண்டும் என்று பார்த்து, தசையைத் தளரச் சொல்வது அந்த மெல்லிய படலத்தின் வேலை.

தளர்ந்தால் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடும் என்று தோன்றலாம். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு குழாய் 10 சதவீதம் மட்டும் விரிந்தால், அதே அழுத்தத்தில் அதன் வழியே போகிற அளவு 10 சதவீதம் கூடாது. ஏறக்குறைய 46 சதவீதம் கூடும். ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்து ஓட்டம் மாறுவதால் வருகிற கணக்கு அது. 1.1 என்பதை நான்கு தடவை பெருக்கிப் பாருங்கள், தெரியும். சுருங்கும்போதும் இதே கணக்குத்தான், தலைகீழாக. அதனால்தான் நூலளவு சுருக்கமும் ரத்த அழுத்தத்தில் தெரிகிறது, இதயத்துக்குப் பாரமாக இறங்குகிறது.

இந்த உள்படலத்தின் வேலை ரொம்ப நாள் யாருக்கும் தெரியாது. சும்மா வழவழப்புக்காக இருக்கிற பூச்சு என்று நினைத்திருந்தார்கள். நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற விஞ்ஞானி முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்து ஆய்வு செய்துகொண்டிருந்தார். அசிட்டைல்கோலின் என்ற பொருளைத் துண்டின் மேல் விட்டால், அவருடைய ஆய்வுக்கூடத்தில் தசை சுருங்கும். உயிருள்ள உடம்பில் அதே பொருளைச் செலுத்தினாலோ குழாய் விரியும். இந்த முரண் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. 1978இல் ஒரு நாள் சோதனை வழக்கத்துக்கு மாறாக நடந்தபோது துண்டு சுருங்காமல் தளர்ந்தது. ஏன் என்று தோண்டிக்கொண்டே போனதில் காரணம் பிடிபட்டது. துண்டை வெட்டித் தயார் செய்கிறபோது உள்பக்கம் வேறு ஏதாவது ஒன்றில் உரசிவிடும். உரசியதில் அந்த ஒற்றைச் செல் படலம் வழித்துக்கொண்டு போய்விடும். படலம் இருந்த துண்டு தளர்ந்தது. படலம் போன துண்டு தளரவில்லை.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. படலம் போன ஒரு துண்டையும் படலம் உள்ள ஒரு துண்டையும், இரண்டு தோசையை ஒன்றன்மேல் ஒன்று வைப்பதுபோல முகத்தோடு முகம் ஒட்டி வைத்தார். இப்போது படலம் இல்லாத துண்டும் தளர்ந்தது! அப்படியென்றால் படலம் ஏதோ ஒரு பொருளைச் சுரந்து பக்கத்திலிருக்கிற தசைக்கு அனுப்புகிறது. 1980இல் இதை வெளியிட்டார். அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்று சில ஆண்டுகளில் தெரிந்தது. ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராத் மூவருக்கும் 1998இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு இதற்காகக் கிடைத்தது.

நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லிச் சின்ன மாத்திரை கொடுப்பார்களே, அதுவும் இதே வழிதான். அந்த வகை மருந்துகள் உடம்புக்குள் போய் நைட்ரிக் ஆக்சைடைத் தருகின்றன; குழாய் தளர்கிறது. டைனமைட்டில் இருக்கிற நைட்ரோகிளிசரின்தான் அந்த மருந்து வகையில் மூத்தது. நோபல் பரிசை ஏற்படுத்திய ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் இதய வலிக்கு அதை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் சாப்பிட மறுத்துவிட்டார்.

உள்படலச் செல்லுக்குள் ஒரு நொதி இருக்கிறது. நாம் சாப்பிடுகிற புரதத்திலிருந்து வருகிற ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை எடுத்து, அது நைட்ரிக் ஆக்சைடு செய்கிறது. செய்த வாயு சில நொடிதான் உயிரோடு இருக்கும். அதனால் சேர்த்து வைக்க முடியாது. வேண்டும்போதெல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். தசையைத் தளர்த்துவது மட்டும் அதன் வேலை இல்லை. ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் பார்த்துக்கொள்கிறது. வெள்ளணுக்கள் சுவரில் ஒட்டி உள்ளே நுழையாமல் தடுக்கிறது. குழாய் அடைப்பு என்று நாம் சொல்கிற நோயின் முதல் படி கொழுப்பு படிவது அல்ல. இந்தப் படலம் சோர்ந்துபோய், நைட்ரிக் ஆக்சைடு குறைந்து, சுவர் ஒட்டும் தன்மைக்கு வருவதுதான். மாரடைப்பு ஐம்பது வயதில் வரலாம். படலம் சோர்வது இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன்னாலேயே தொடங்கியிருக்கும்.

எதனால் சோர்கிறது? பீடி, சிகரெட். கட்டுப்படாத சர்க்கரை. கட்டுப்படாத ரத்த அழுத்தம். உட்கார்ந்தே இருப்பது. இவையெல்லாம் செல்லுக்குள் சூப்பர் ஆக்சைடு என்ற ஒரு துடுக்கான பொருளைக் கூட்டிவிடுகின்றன. அது நைட்ரிக் ஆக்சைடைக் கண்ட இடத்தில் பிடித்து அழித்துவிடும். உப்பும் இதில் சேர்த்திதான். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் கடற்கரைக்கு அதுதான் பெரிய சேதி.

சரி, திராட்சைக்கு வருவோம்.

எங்கள் பக்கம் கடைகளில் கிடைக்கிற கருந்திராட்சை பெரும்பாலும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வருகிற பன்னீர் திராட்சை. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் அதே ஆண்டுதான் கிடைத்தது. ஒரு பழத்தை எடுத்துக் கையில் வையுங்கள். மேலே சாம்பல் பூத்தமாதிரி இருப்பது தூசியோ மருந்தோ என்று பலர் பயப்படுகிறார்கள். அதில் பெரும்பகுதி பழம் தானே பூசிக்கொள்கிற மெழுகு. ஆனாலும் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிப்பது வழக்கம் என்பதால் நன்றாக அலசியே சாப்பிட வேண்டும்.

இப்போது வாயில் போடாமல், விரலால் பிதுக்குங்கள். பச்சை கலந்த கண்ணாடி போன்ற சதை வெளியே வரும். அதைத் தனியாகச் சாப்பிடுங்கள். வெறும் இனிப்பும் கொஞ்சம் புளிப்பும். அடுத்து அந்தக் கருநீலத் தோலை மட்டும் மெல்லுங்கள். நாக்கு லேசாகச் சுருங்கும். கடைசியாக விதையைக் கடியுங்கள். வாயே வறண்டு, கன்னத்தின் உள்பக்கத்தை யாரோ பிடித்து இழுக்கிறமாதிரி இருக்கும். இதைத்தான் நம் மொழி அறுசுவையில் ஒன்றாக வைத்துத் துவர்ப்பு என்கிறது. உமிழ்நீரில் இருக்கிற வழவழப்பான புரதங்களைப் பிடித்துக் கட்டிவிடுகிற பொருள்கள் தருகிற உணர்ச்சி அது.

நாம் தேடிக்கொண்டிருக்கிற பொருள்கள் அந்தத் துவர்ப்போடுதான் இருக்கின்றன. பொதுப் பெயர் பாலிஃபீனால். செடி தன்னை வெயிலிலிருந்தும் பூஞ்சையிலிருந்தும் பூச்சியிலிருந்தும் காத்துக்கொள்வதற்காகச் செய்துகொள்கிற பொருள்கள் இவை. திராட்சையில் பிரித்தெடுக்க முடிகிற பாலிஃபீனாலில் 60 முதல் 70 சதவீதம் விதையில் இருக்கிறது. 30 சதவீதம் அளவு தோலில். நாம் விரும்பிச் சாப்பிடுகிற சதையில் 10 சதவீதம்கூடத் தேறாது. துப்பிவிடுகிற இரண்டில்தான் சரக்கு இருக்கிறது.

தோலின் கருநீலத்துக்குக் காரணம் ஆந்தோசயனின். இதை வீட்டிலேயே பார்க்கலாம், பிள்ளைகளுக்குக் காட்டினால் விடமாட்டார்கள். பத்துத் தோலை இளஞ்சூடான தண்ணீரில் போட்டுக் கசக்கி வடிகட்டுங்கள். இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, ஒன்றில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விடுங்கள். பளீரென்று ரோஜா சிவப்பாகும். மற்றதில் ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா போடுங்கள். நீலமும் பச்சையும் கலந்த ஒரு நிறத்துக்குப் போய்விடும். புளிப்புக்கு ஒரு நிறம், காரத்தன்மைக்கு ஒரு நிறம். விதையில் இருப்பது நிறமில்லாத இன்னொரு கூட்டம்: புரோஆந்தோசயனிடின். டப்பாவில் அடைத்து விற்பது இதைத்தான். இவை போக, ரெஸ்வெரட்ரால் என்ற பிரபலமான ஒன்று தோலில் மிகக் கொஞ்சமாக உண்டு.

1993இல் அமெரிக்காவில் டேவிட் ஃபிட்ஸ்பேட்ரிக் என்பவரும் அவருடைய குழுவும் ஃபர்ச்காட்டின் அதே முறையைத் திராட்சையோடு சேர்த்தார்கள். எலியின் தமனி வளையங்களைச் சுருங்க வைத்துவிட்டு, மேலே திராட்சைச் சாறு, திராட்சைத் தோலின் சாரம், சதையின் சாரம், ஒயின் என்று ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார்கள். தோலின் சாரம் வளையத்தைத் தளர்த்தியது. சதையின் சாரம் கிட்டத்தட்ட ஒன்றும் செய்யவில்லை. முக்கியமான விஷயம், உள்படலத்தை வழித்தெடுத்த வளையத்தில் எதுவுமே வேலை செய்யவில்லை. அதாவது திராட்சைப் பொருள் நேராகப் போய்த் தசையைத் தொடவில்லை. நீர்பாய்ச்சியைத் தட்டி எழுப்புகிறது. பலகையைத் தூக்குவது அவர்தான்.

எப்படி எழுப்புகிறது? ஒரு காலத்தில் எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள்: ஆன்டிஆக்சிடன்ட். கெட்ட பொருள்களைத் துடைப்பம் வைத்துப் பெருக்குவதுபோல ஒரு படம் வரைந்து காட்டினார்கள். டப்பாக்களில் இன்னும் அந்தப் படம்தான் இருக்கிறது. எனக்கு அந்த விளக்கம் போதாது என்றே படுகிறது, ஏனென்றால் ரத்தத்துக்குள் போய்ச் சேருகிற பாலிஃபீனாலின் அளவு அப்படிப் பெருக்கித் தள்ளுகிற அளவு இல்லை. இன்றைக்கு ஆய்வாளர்கள் அதிகம் பேசுவது வேறு: இந்தப் பொருள்கள் செல்லுக்குள் ஒரு சைகையைக் கிளப்பி, நைட்ரிக் ஆக்சைடு செய்கிற நொதியை வேலைக்கு அனுப்புகின்றன, அதே சமயம் சூப்பர் ஆக்சைடு செய்கிற நொதியை அடக்கி வைக்கின்றன. ஒரு பக்கம் உற்பத்தி கூடுகிறது, மறுபக்கம் அழிவு குறைகிறது.

எலியின் வளையம் சரி, மனிதருக்கு? இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மனித உள்படலம் எப்படி வேலை செய்கிறது என்று அளக்க எளிமையான ஒரு சோதனை இருக்கிறது. முன்கையில் பிரஷர் பட்டையைக் கட்டி, ஐந்து நிமிடம் ரத்தம் போகாதபடி இறுக்கி வைப்பார்கள். பட்டையைத் தளர்த்தியதும் அடைபட்டிருந்த ரத்தம் வேகமாகப் பாயும். அந்த உரசலை உள்படலம் உணர்ந்து நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கும். மேற்கைத் தமனி விரியும். எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேனில் அளப்பார்கள். 1999இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் இதய நோயாளிகள் 15 பேருக்கு இரண்டு வாரம் தினமும் கருந்திராட்சைச் சாறு கொடுத்து இந்தச் சோதனையைச் செய்தார்கள். முன்பு 2.2 சதவீதம் விரிந்த தமனி, பிறகு 6.4 சதவீதம் விரிந்தது. கெட்ட கொழுப்பு என்கிறோமே, அந்த எல்டிஎல் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போகிற வேகமும் குறைந்தது.

கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் 15 பேர், இரண்டு வாரம், ஒப்பிட வேறு பானம் குடித்த குழு இல்லை. இன்னொன்று, சாறு எவ்வளவு? உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 7.7 மில்லி. 60 கிலோ ஆளுக்கு அது தினம் 460 மில்லி. அதற்குள் சர்க்கரை மட்டும் 70 கிராம் பக்கம் வந்துவிடும். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பிரஷர் மாத்திரையோடு சர்க்கரை மாத்திரையும் வாங்காதவர்களை எண்ணிவிடலாம். அவர்களிடம் தினமும் அரை லிட்டர் திராட்சைச் சாறு குடியுங்கள் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

2010இல் வெளியான இன்னொரு ஆய்வு கொஞ்சம் கவனமாகச் செய்யப்பட்டது. ரத்த அழுத்தம் சற்றுக் கூடியிருந்த 64 பேருக்கு 8 வாரம் திராட்சைச் சாறு, 8 வாரம் அதேமாதிரி இருக்கிற போலிச் சாறு. நாள் முழுக்கக் கருவி மாட்டி அளந்ததில் 24 மணி நேரச் சராசரி ரத்த அழுத்தம் மாறவே இல்லை. விதைச் சாரத்தை எடுத்துக்கொண்டால், 2011இல் 9 சோதனைகளைச் சேர்த்து, 390 பேரின் கணக்கைப் பார்த்தார்கள். மேல் அழுத்தம் சராசரியாக 1.54 புள்ளி குறைந்திருந்தது. கொலஸ்டிராலில் மாற்றமில்லை. பிறகு வந்த சில தொகுப்புகளில் குறைவு இதைவிடக் கூடுதலாகத் தெரிகிறது, குறிப்பாக எடை கூடியவர்களிடம். எப்படிப் பார்த்தாலும் இது மாத்திரையின் இடத்தைப் பிடிக்கிற அளவு இல்லை. 160 இருக்கிற அழுத்தம் 158 ஆவதற்காக மாத்திரையை விட்டால், நடுராத்திரியில் பக்கவாதம் வந்து ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் போகிற நிலைமை வரும். அப்படிப் போனவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த அம்மாவிடம் அவ்வளவு அவசரமாகக் கூடாது என்றேன்.

ஒயினைப் பற்றியும் கேட்பார்கள், பெரும்பாலும் ஆண்கள், பெரும்பாலும் குரலைத் தாழ்த்தி. 1992இல் செர்ஜ் ரெனோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர், கொழுப்பை அவ்வளவு சாப்பிடுகிற பிரெஞ்சுக்காரர்களுக்கு இதய நோய் குறைவாக இருப்பதற்கு ஒயின் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். ஒயினில் ரெஸ்வெரட்ரால் இருக்கிறது என்பதும் அதே ஆண்டு வெளியானது. இரண்டையும் முடிச்சுப் போட்டு உலகமே கொண்டாடியது. அப்புறம் இத்தாலியில் ஒயினுக்குப் பேர்போன கியான்டி வட்டாரத்தில் 65 வயது தாண்டிய 783 பேரின் சிறுநீரில் ரெஸ்வெரட்ராலின் தடத்தை அளந்து, பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 2014இல் முடிவு வந்தது: அது கூடுதலாக இருந்தவர்களுக்கு ஆயுளும் கூடவில்லை, இதய நோயும் குறையவில்லை.

பார்சலோனாவில் நடந்த இன்னொரு சோதனை இன்னும் தெளிவாகப் பேசுகிறது. இதய நோய் ஆபத்துள்ள 67 ஆண்களுக்கு 4 வாரம் சிவப்பு ஒயின், 4 வாரம் ஆல்கஹால் நீக்கிய அதே ஒயின், 4 வாரம் ஜின். ரத்த அழுத்தம் தெளிவாகக் குறைந்ததும், ரத்தத்தில் நைட்ரிக் ஆக்சைடு கூடியதும் ஆல்கஹால் நீக்கியதைக் குடித்தபோதுதான். 2012இல் வெளியானது இது. நல்லது செய்தது திராட்சை. ஆல்கஹால் அதைக் கெடுத்தது. ஆல்கஹாலே ரத்த அழுத்தத்தை ஏற்றும். குடிப்பதற்குத் திராட்சையைச் சாக்காகச் சொல்கிறவர்களிடம் நான் இந்தச் சோதனையைத்தான் சொல்கிறேன்.

இன்னொரு கேள்வி பாக்கி. விதையில் இருக்கிற பொருள் ரத்தத்துக்குள் எப்படிப் போகிறது? பெரும்பகுதி போவதே இல்லை. புரோஆந்தோசயனிடின் என்பது சங்கிலி. கண்ணிகள் மூன்று நான்குக்கு மேல் போனால் சிறுகுடல் அதை உள்ளே விடாது. சங்கிலி அப்படியே பெருங்குடலுக்கு இறங்கும். அங்கே இருக்கிற பாக்டீரியாக்கள் அதை உடைத்துச் சின்னச் சின்னப் பொருள்களாக்குகின்றன. அவைதான் சில மணி நேரம் கழித்து ரத்தத்தில் ஏறுகின்றன. ஒரே திராட்சை ஒருவருக்கு ஒருமாதிரியும் இன்னொருவருக்கு இன்னொருமாதிரியும் வேலை செய்வதற்கு இது ஒரு காரணம். அவரவர் குடலில் இருக்கிற கூட்டம் வேறு.

இனி எங்கள் கரைக்கு வருகிறேன். திராட்சை எங்கள் மண்ணில் விளைவதில்லை; கிலோ கணக்கில் வாங்குவது எல்லார் கைக்கும் எட்டாது. ஆனால் அந்தத் துவர்ப்பு திராட்சைக்கு மட்டும் சொந்தமில்லை. ஆனி, ஆடியில் பஸ் ஸ்டாண்டு ஓரம் தட்டில் குவித்து, உப்புப் பொட்டலத்தோடு விற்கிற நாவல் பழத்தின் ஊதாவும் ஆந்தோசயனின்தான். திராட்சைத் தோலில் முக்கியமாக இருக்கிற மால்விடின் என்ற ஆந்தோசயனின் வகை நாவலிலும் உண்டு. மேலே சொன்ன டம்ளர் சோதனையை நாவல் பழத்தில் செய்தாலும் நிறம் மாறும்.

அப்புறம் கடலை. வறுத்த கடலையை உள்ளங்கையில் தேய்த்து, வாயால் ஊதி, சிவப்புத் தோலைப் பறக்கவிட்டுவிட்டுத்தான் நாம் சாப்பிடுகிறோம். 1940களின் பிற்பகுதியில் பிரான்சின் போர்டோவில் ஜாக் மாஸ்கலியே என்ற ஆய்வாளர், இன்று திராட்சை விதை மாத்திரையில் அடைத்து விற்கிற அதே வகைப் பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்தது திராட்சையிலிருந்து இல்லை. நிலக்கடலையின் இந்தச் சிவப்புத் தோலிலிருந்துதான்! திராட்சை விதைக்கு அவர் போனது பின்னாளில். இதைப் படித்த நாளிலிருந்து நான் கடலையை ஊதுவதில்லை, தோலோடு தின்கிறேன்.

உப்பைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். மாரியூர், வாலிநோக்கத்தில் அரசின் உப்பளமே இருக்கிற மாவட்டம் இது. எங்கள் சாப்பாட்டில் கருவாடு இல்லாத வாரம் கிடையாது. சூடைக் கருவாட்டுக் குழம்பு வைத்த அன்று ஒரு உருண்டை சோறு கூடத்தான் இறங்கும். ஆனால் ஒரு வேளைச் சாப்பாட்டில் ஏறக்குறைய 4 கிராம் உப்பு சேர்ந்தால், நல்ல ஆரோக்கியமானவர்களுக்கே அரை மணி நேரத்தில் தமனி விரிகிற திறன் குறைவதை 2011இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்கிற அளவே 5 கிராமுக்குக் கீழ். கருவாட்டை வெந்நீரில் ஊறப்போட்டு, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசி, குழம்பில் தனியாக உப்பு போடாமல் சமைத்தால் உள்படலத்துக்குச் செய்கிற உதவி, எந்த டப்பாவும் செய்வதைவிடப் பெரிது என்பது என் கருத்து. நடைப்பயிற்சியும் அப்படித்தான். வேகமாக நடக்கையில் ரத்தம் படலத்தை உரசிக்கொண்டு ஓடுகிறது. அந்த உரசலே நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்க வைக்கிற கட்டளை.

திராட்சை சாப்பிட விரும்பினால் சாறாக அடித்து, வடிகட்டி, சீனி போட்டுக் குடிக்காதீர்கள். வடிகட்டியில் தங்குகிற சக்கைதான் நமக்கு வேண்டியது. 100 கிராம் பழத்தில் 16 கிராம் அளவு சர்க்கரை இருக்கிறது என்பதால், சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒரு சிறு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அதுவும் டாக்டர் சொன்ன உணவுக் கணக்குக்குள். விதையை முழுதாக விழுங்கினால் அப்படியே வெளியே போய்விடும். பல் நன்றாக இருந்தால் மென்று தின்ன வேண்டும்.

விதை மாத்திரை விஷயத்தில் கடைக்காரனாக எனக்கு ஒரு பயம் உண்டு. இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் மாதிரி மருந்து சாப்பிடுகிறவர்கள், டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. தட்டணுக்களை ஒட்டவிடாத குணம் இதற்கும் ஓரளவு உண்டு. இரண்டும் சேர்ந்தால் ரத்தக் கசிவு கூடலாம். ஆபரேஷன் தேதி குறித்தவர்களும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். இன்னொரு குழப்பம்: சில பிரஷர் மருந்துகளோடும் கொலஸ்டிரால் மருந்துகளோடும் சேரக் கூடாது என்று சொல்வது கிரேப்ஃபுரூட் என்ற எலுமிச்சை இனப் பழத்தை. பம்பளிமாஸ் அதற்கு நெருங்கிய சொந்தம். பெயரைக் கேட்டு நம் திராட்சையென்று நினைத்துப் பயப்பட வேண்டாம்.

இந்த மாதம் அந்த அம்மா வந்தபோது பக்கத்துக் கடையில் கால் கிலோ பன்னீர் திராட்சை வாங்கி வந்திருந்தார், பேத்திக்காக. ஒன்றை எடுத்து, விதையோடு மென்று பாருங்கம்மா என்றேன். மென்றவர் முகத்தைச் சுளித்தார்.

"என்ன தம்பி, நாவப்பழங் கணக்கா நாக்கைப் பிடிக்குது?"

"ரெண்டும் ஒரே வகையறாதாம்மா."

"அப்போ இதுக்குப் போயி குவைத்துலேர்ந்தா வரணும்?" என்றவர், டாக்டரிடம் காட்டுவதற்காக டப்பாவைப் பைக்கு அடியில் வைத்து, பிரஷர் மாத்திரை அட்டையை அதன் மேலே வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.